மாமியார் கதவைத் திறந்தது சம்மதம் ஆகுமா?

கேள்வி: நியூஜெர்சியில் எச்-1பி விசாவில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போயிருந்தபோது ஐஸ் (அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரிகள் வந்து, முன்பு இங்கே குடியிருந்தவரின் பெயர் போட்ட வாரன்ட்டைக் காட்டியிருக்கிறார்கள். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் மாமியார் கதவைத் திறந்ததும், படுக்கையறை வரை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இது சரியா?

பதில்: சகோதரி, மாமியார் மேல் தப்பே இல்லை. முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தாளின் மேலே ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறையின் பெயர்தான் இருக்கிறது, கோர்ட்டின் பெயர் இல்லை. கையெழுத்துப் போட்டவரும் குடியேற்ற அதிகாரி. இது ஐ-200 படிவம், அதாவது குடியேற்றத் துறையே போடும் கைது வாரன்ட். ஆளைப் பிடிக்க உதவும். வீட்டுக்குள் நுழைய உதவாது. நுழைய நீதிபதியின் வாரன்ட் வேண்டும், அல்லது உங்கள் சம்மதமோ உண்மையான அவசரமோ இருக்க வேண்டும். காரணமில்லாத சோதனையிலிருந்து வீட்டைக் காக்கும் 4-வது அரசியலமைப்புத் திருத்தத்தை வைத்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் பேட்டன் வழக்கில் சொன்னது இது. தேடப்படுபவர் வேறொருவர் வீட்டில் இருப்பதாக நினைத்தால் சோதனை வாரன்ட்டே வேண்டும் என்று 1981-இல் ஸ்டீகால்ட் வழக்கில் சொன்னது.

இனி எல்லாம் சம்மதத்தில்தான் நிற்கிறது. கதவைத் திறப்பது சம்மதம் ஆகாது. ஆனால் யார் வந்தாலும் "வாங்க" என்று விலகி நிற்பது நம் வழக்கம். அதைத்தான் அரசுத் தரப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் மாமியாரிடம் நிதானமாகக் கேளுங்கள்: எந்த மொழியில் பேசினார்கள்? அவர் தலையாட்டினாரா? கை கதவில் இருந்ததா? அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள்.

நாடுகடத்தும் வழக்கில் இப்படி நுழைந்து எடுத்த ஆதாரம் தானாகத் தள்ளுபடி ஆகாது; 1984 லோபஸ்-மெண்டோசா தீர்ப்புக்குப் பிறகு, அத்துமீறல் மிக மோசமாக இருந்தால்தான் வாதாட முடியும். அதனால்தான் வாசலிலேயே நிறுத்துவது முக்கியம் என்கிறேன். அடுத்த முறை கதவைத் திறக்காமல், தாளைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லுங்கள். "ஐ டூ நாட் கன்சென்ட்" (எனக்குச் சம்மதமில்லை) என்ற ஒரு வாக்கியத்தை மாமியாருக்குப் பழக்கிவிடுங்கள்.

இன்னொன்று. இறுதி நாடுகடத்தல் உத்தரவு உள்ளவரைப் பிடிக்க ஐ-205 தாளே (நீதிபதி அல்ல, குடியேற்ற அதிகாரி கையெழுத்திடும் நாடுகடத்தல் வாரன்ட்) போதும், வீட்டுக்குள் நுழையலாம் என்று 2025 மே மாதத்து ஐஸ் உள்குறிப்பு ஒன்று சொல்கிறது. நான் அதை ஏற்கவில்லை. ஆனாலும் கதவை உடைத்தால் கையால் தடுக்காதீர்கள், பொய் சொல்லாதீர்கள். சம்மதமில்லை என்று மட்டும் உரக்கச் சொல்லுங்கள்.

வாசலில் கேமரா இருந்தால் அன்றைய பதிவை இன்றைக்கே சேமித்துவிடுங்கள். சில நாளில் தானாக அழிந்துவிடும்.