சூடானதும் அம்பாசடரின் ரேஸ் இறங்க மறுக்கிறது, எங்கே பார்ப்பது?

கேள்வி: வேலூரில் அம்பாசடர் மார்க் 3 பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறேன். எஸ்.யூ. கார்புரேட்டர். காலையில் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது) சரி, சூடானதும் ரேஸ் (எஞ்சின் வேகம்) 1,500 ஆர்.பி.எம்.-க்குக் கீழே வருவதில்லை. ஐடில் ஸ்க்ரூவை முழுக்க வெளியே திருப்பியும், கார்புரேட்டர் கிட் மாற்றியும் பயனில்லை.

பதில்: ஸ்க்ரூவை முழுக்கப் பின்வாங்கினால் பட்டர்ஃப்ளை (கார்புரேட்டரில் காற்றின் வழியைத் திறந்து மூடும் தகடு) மூடி எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையவில்லை என்றால் காரணம் மூன்றுதான்: பட்டர்ஃப்ளை மூடவில்லை, அல்லது கார்புரேட்டரைத் தாண்டி எங்கோ காற்று புகுகிறது, அல்லது டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) தானாக முன்னேறி, இருக்கும் காற்றிலேயே கூடுதல் வேகம் எடுக்கிறது. கிட் மாற்றினால் இவற்றில் எதுவும் பெரும்பாலும் தீராது.

'காலையில் சரி' என்பதை வைத்துக் கோளாறு சூட்டில்தான் பிறக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும், பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. அதிகப்படியான காற்று அப்போதும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், ரேஸாகத் தெரியாது, அவ்வளவே.

முதலில் எஞ்சின் சூடாக ஓடும்போதே கார்புரேட்டரின் த்ராட்டில் லீவரை விரலால் மூடும் பக்கம் அழுத்திப் பாருங்கள். ரேஸ் இறங்கினால் கோளாறு இணைப்பில். ஆக்சிலேட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பெடலுக்கு அடியில் மேட் சிக்கியிருக்கலாம், மவுண்டிங் ரப்பர் அமுங்கி எஞ்சின் இறங்கியதால் இணைப்பு இழுபடலாம். சோக்கை முழுக்க உள்ளே தள்ளிய பிறகு, ஃபாஸ்ட் ஐடில் ஸ்க்ரூவுக்கும் அதன் கேமுக்கும் நடுவே 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சோக் பாதி வேலை செய்துகொண்டே இருக்கிறது. சோக் வயர் துருப்பிடித்து முழுக்கத் திரும்பாமல் நிற்பது இந்த வயது வண்டிகளில் சாதாரணம்.

லீவரை அழுத்தியும் இறங்கவில்லையா? ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயை ஒரு தட்டையான பலகையால் மூடுங்கள் (பேக்ஃபயர் ஆகி வாய் வழியே தீ வரலாம், உள்ளங்கையை வைக்க வேண்டாம்). இரண்டொரு நொடியில் எஞ்சின் அணைய வேண்டும். திணறியபடியே ஓடினால் காற்று வேறு வழியாக வருகிறது.

அந்த வழியைத் தேட கார்புரேட்டர் கிளீனரை அடிக்காதீர்கள். அம்பாசடரில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், பழுக்கச் சூடான இரும்பு கார்புரேட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். த்ராட்டில் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கெட்டி கிரீஸை அப்புங்கள். ரேஸ் இறங்கினால் ஷாஃப்ட்டோ அது நுழையும் துளையோ தேய்ந்துவிட்டது. துளைக்கு புஷ் போட வேண்டும். ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் லேத் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பட்டர்ஃப்ளை இறுகும்.

அடுத்து எஞ்சினோடு இணையும் மேனிஃபோல்டு குழாய்கள். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே பேக்கிங், அதனால் ஒன்றின் ஃபிளாஞ்ச் மற்றதைவிடச் சற்று மெலிந்திருந்தாலும் அந்தப் பக்கம் இறுகாது. எவ்வளவு முறுக்கினாலும் ஏர் லீக் நிற்காது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். ஏறுக்குமாறாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மட்டம் சீவ வேண்டும். கார்புரேட்டர் மேனிஃபோல்டோடு சேரும் ஃபிளாஞ்சும் அதிகமாக முறுக்கி வளைந்திருக்கலாம். அதைக் கண்ணாடித் தகட்டில் எமரி பேப்பர் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் குழாயை மேனிஃபோல்டு பக்கம் நெருக்கிப் பிடியுங்கள். ரேஸ் இறங்கினால் குழாயோ பூஸ்டரோ ஓட்டை. வேலூர் வெயிலில் பானட்டுக்குள் இருக்கும் ரப்பர் எதையும் நம்ப முடியாது.

வெளிக்காற்று இல்லை என்றால் பட்டர்ஃப்ளை தகட்டையே சந்தேகியுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, த்ராட்டிலை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சுற்றிலும் மெல்லிய ஒரே அளவு கோடுதான் தெரிய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி தெரியக் கூடாது. தெரிந்தால் இரு ஸ்க்ரூக்களையும் தளர்த்தி, தகடு தானாக நடுவில் உட்காரும்படி மூடிப் பிடித்து இறுக்குங்கள். அந்த ஸ்க்ரூக்களின் முனை பிளந்து விரித்திருக்கும். கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். பழையதையே போட்டால் ஒருநாள் எஞ்சினுக்குள் விழும். தகட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டது, திருப்பிப் போட்டால் மூடாது. சில தகடுகளில் ஸ்பிரிங் வைத்த சிறு வால்வு உண்டு. அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் ரேஸ் ஏறி நிற்கும். வால்வு இல்லாத தகடு போடுவதே நல்லது.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகு ரேஸ் மெதுமெதுவாக இறங்குகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறங்கள். ரோட்டரைச் சுழலும் திசையில் திருகி விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே அட்வான்ஸ் எடைகள் (வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளுபவை) காய்ந்து ஒட்டியிருக்கின்றன, அல்லது ஸ்பிரிங் போயிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வாக்குவம் குழாயை ஐடிலிங்கில் பிடுங்கிப் பாருங்கள்: கார்புரேட்டர் முனையில் பட்டர்ஃப்ளை ஓரத்துத் துளையோடு இணைந்த குழாய் என்றால் ரேஸில் மாற்றமே இருக்கக் கூடாது. இறங்கினால் பட்டர்ஃப்ளை இன்னும் திறந்தே நிற்கிறது, அல்லது யாரோ குழாயை மேனிஃபோல்டில் மாட்டிவிட்டார்கள்.

லீக்கை அடைத்ததும் மிக்ஸரை, அதாவது காற்று-பெட்ரோல் கலவையை, திரும்ப வைத்தே ஆக வேண்டும். இதுவரை புகுந்த காற்றுக்கு ஈடாக யாராவது கார்புரேட்டரின் அடியில் உள்ள ஜெட் நட்டை இறக்கி ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) வைத்திருப்பார்கள். அப்படியே விட்டால் பிளக் கரிபிடிக்கும். காட்பாடி வரை ஓட்டி நன்றாகச் சூடாக்கிவிட்டு, டேஷ்பாட்டில் (கார்புரேட்டரின் மேலே உள்ள ஆயில் கிண்ணம்) எஸ்.ஏ.இ. 20 ஆயில் இருக்கிறதா பாருங்கள். பிறகு கார்புரேட்டர் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். ரேஸ் ஏறி அங்கேயே நின்றால் ரிச், அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு), சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட் நட்டை ஒரு முறைக்கு ஒரு பட்டை, அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டுமே திருப்புங்கள். ஐடில் ஸ்க்ரூவை 600-700-ல் கடைசியாகத்தான் வைக்க வேண்டும். அம்பாசடரில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காயிலில் மாட்டும் டேக்கோமீட்டர் ஒன்று மெக்கானிக்கிடம் இருக்கும், காதை நம்பி வைக்க வேண்டாம்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1,500-ல் நிற்கும் எஞ்சினோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் எஞ்சின் பிரேக்கிங் குறைந்துவிடும், சுமையெல்லாம் டிரம் பிரேக் மேல்தான் விழும்.