எந்தப் பக்கம் நிற்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். ஒரு சிறிய ஊழியத்தின் நிர்வாகக் குழுவில் செயலாளராக இருக்கிறேன். வரும் ஆண்டுக்கான திட்டத்தில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. காணிக்கை முழுவதும் சுவிசேஷப் பணிக்கே போகவேண்டும் என்கிறார்கள் சிலர். ஏழைப் பிள்ளைகளின் படிப்பும் நோயாளிகளின் பராமரிப்பும்தான் இன்றைக்குத் தேவையான சாட்சி என்கிறார்கள் மற்றவர்கள். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. இரண்டும் வேண்டும் என்று நான் சொன்னதற்கு, “வெதுவெதுப்பாக இருக்காதீர்கள், ஒரு பக்கம் நில்லுங்கள்” என்று மூத்தவர் ஒருவர் கண்டித்தார். எந்தப் பக்கம் நிற்பது?

– ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் அந்த வெதுவெதுப்பு. அந்தச் சொல் வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரத்தில் லவோதிக்கேயா சபைக்குச் சொல்லப்பட்டது. அந்தச் சபை கடிந்துகொள்ளப்பட்டது இரண்டு நல்ல காரியங்களைச் சேர்த்துப் பிடித்ததற்காக அல்ல. “எனக்கு ஒரு குறைவுமில்லை” என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. தன் தேவையை உணராத நிலைதான் அங்கே கண்டிக்கப்படுகிறது. உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் கவலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் குழுவின் சண்டை பழையது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிக்கப் போகவில்லை. வசனம்தான் முக்கியம், பந்தியை அப்புறம் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. வேலையைப் பிரித்தார்கள். பந்திக்கு யாரைக் கேட்டார்கள் என்பது இன்னும் முக்கியம். கணக்கு தெரிந்த ஏழு பேர் போதும் என்று விடவில்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக, நற்சாட்சி பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். இன்றைய குழுக்களில் இதைச் செய்யும் துணிச்சல் அபூர்வம்.

அந்த ஏழு பேரில் ஒருவர் பிலிப்பு. பந்திக்கென்று நியமிக்கப்பட்டவர், 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தில் ஏறி உட்கார்ந்து ஏசாயாவை விளக்கிக்கொண்டிருக்கிறார். 21-ஆம் அதிகாரத்தில் லூக்கா அவரை ஒரே வரியில் சுவிசேஷகன் என்றும் ஏழுபேரில் ஒருவன் என்றும் எழுதுகிறார். உங்கள் கூட்டத்துக்கு அவர் வந்தால் எந்தப் பக்கம் உட்காருவார்?

1974-இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் உலகெங்கிலுமிருந்து சுவிசேஷத் தலைவர்கள் கூடியபோதும் இந்த விவாதம் வந்தது. ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட் தலைமையிலான குழு வரைந்த உடன்படிக்கை, சுவிசேஷப் பணியையும் சமூக அக்கறையையும் ஒன்றுக்கொன்று ஆகாதவை போல நடத்தியதற்கு வெளிப்படையாக மனம் வருந்தியது. இரண்டும் கிறிஸ்தவக் கடமை என்றது. உதவி செய்வதே சுவிசேஷம் சொன்னதாகிவிடாது என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் ‘இரண்டும்’ என்பது பதில் ஆகாது. “எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்” என்று எலியா தீர்க்கதரிசி கேட்டது, கர்த்தரா, பாகால் என்ற அந்நிய தெய்வமா என்ற இடத்தில். காணிக்கைக் கணக்கில் உண்மையா மறைப்பா என்று வந்தால் அங்கே சமரசத்துக்கு இடமே இல்லை. பவுலைப் பாருங்கள். தாய் யூதப் பெண்ணான தீமோத்தேயுவுக்கு, ஊழியத்துக்குத் தடை வராதபடி விருத்தசேதனம் செய்தார். கிரேக்கரான தீத்துவின் விஷயத்திலோ ஒரு நாழிகைகூட இணங்கவில்லை, ஏனென்றால் அங்கே சுவிசேஷத்தின் சத்தியமே பணயத்தில் இருந்தது. நன்மைக்கும் தீமைக்கும் நடுவே என்றால் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். கர்த்தரே கேட்கிற இரண்டு நன்மைகள் என்றால் “இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்” என்று மத்தேயு 23-இல் அவரே சொல்லிவிட்டார்.

சரி, கூட்டத்தில் என்ன செய்வது? வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இப்போது வாக்கெடுத்தால் ஒரு தரப்பு ஜெயிக்கும், மறு தரப்பின் பாரம் ஊழியத்தைவிட்டே போய்விடும். அதற்குப் பதில், ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்பு எதை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறது என்பதை எடுத்துச் சொல்லட்டும். “ஆமாம், எங்கள் பயம் அதுதான்” என்று அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை சொல்லட்டும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பணத்தைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டு எழுந்துபோவதையும் நான் ஆதரிக்கமாட்டேன். அது சண்டையைத் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான். எந்த ஆண்டில் எதற்கு அதிகம் என்பது தேவையைப் பொறுத்து மாறலாம். எச்சரிக்கை அடையாளங்களை மட்டும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். உதவி வாங்க வந்தவர் “இயேசு யார்?” என்று கேட்கும்போது பதில் சொல்ல ஆளில்லை என்றால் அது ஓர் அடையாளம். உபவாச ஜெபத்தில் பக்கத்து வீட்டின் பசிக்காக ஒருவர்கூட ஜெபிக்கவில்லை என்றால் அது இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசியுங்கள்.

கண்டித்த அந்த மூத்தவரைக் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் போய்ப் பாருங்கள். ஆத்துமபாரத்தால் பேசியிருப்பார். பிள்ளைகளின் படிப்புக்கான பொறுப்பில் அவரும் ஒருவராக இருக்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள்.