5000 ரூபாவுக்குள் நல்ல ஹெட்போன் கிளிநொச்சியில் கிடைக்குமா? எதைப் பார்த்து வாங்குவது?

கிடைக்கும். ஆனால் அந்தக் காசுக்குப் புளூடூத் வேண்டாம், வயர் உள்ளதை வாங்குங்கள். இப்படிச் சொன்னவுடன் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

நீங்கள் உயர்தரம் படிக்கிறவர், இணையவழி வகுப்புக்கென்று வீட்டில் காசு கேட்டிருக்கிறீர்கள், "பாட்டுக் கேட்கத்தானே" என்று அம்மா ஏசியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். அப்படி இல்லையென்றாலும் கீழே எழுதியிருப்பதில் பாதியாவது உதவும்.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவள். பிறர் பதிவு செய்த நேர்காணல்களைக் கேட்டு எழுத்தில் கொடுப்பது என் தொழில். அதோடு, 2009-இல் மாத்தளனில் பக்கத்தில் விழுந்த எறிகணைக்குப் பிறகு என் இடது காது அரைக் காதுதான். பாட்டுக்கு எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். பேச்சுக்கு எது நல்லது என்று கேட்டால், கொஞ்சம் திமிரோடுதான் பதில் சொல்வேன். தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்த வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் அப்பா வானொலிச் செய்தி கேட்பார். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓயும். மங்கிய ஒலியில் சொல்லைப் பிடிக்க எனக்குப் படிப்பித்தது அந்த சைக்கிள்.

வெடியாலும் இரைச்சலாலும் கெடுகிற காது பெரும்பாலும் முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸை அண்டிய ஒலிகளை. ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, த போன்றவை மங்கிவிடும். 'காசு' என்றாரா 'காது' என்றாரா என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கவேண்டி வரும். மலிவான ஹெட்போன்கள் பலவும் நல்ல காதுக்கே இந்த நிலையை உண்டாக்குகின்றன. பேஸை, அதாவது அடித்தொண்டை அதிர்வொலியை, ஊதிப் பெருக்கி, பேச்சை அதற்குள் மூழ்கடித்துவிடுகின்றன.

போன முறை வாங்கப் போனபோது, கண்டி வீதியில் ஒரு கடைத் தம்பி தன் போனில் ஒரு குத்துப் பாட்டைப் போட்டு, "அக்கா, பேஸ் எப்படி அதிர்கிறது பாருங்கள்" என்றான். நான் வயரைக் கழற்றி என் போனில் செருகினேன். என்னிடம் ஒரு சோதனைப் பதிவு இருக்கிறது. காற்றுக்கும் கோழிச் சத்தத்துக்கும் நடுவே என் மாமி விதைநெல் விலை சொல்கிறார். "இதற்கா அக்கா ஹெட்போன்?" என்று சிரித்தான். அந்தப் பளபளப்பான பெட்டிக்காரனில் மாமி அறுபது என்கிறாரா எழுபது என்கிறாரா என்று தெரியவில்லை. அடுத்ததைக் காட்டச் சொன்னேன். உள்ளே இருந்து முதலாளி, "பெட்டியைத் திறந்தால் எடுக்கவேண்டும்" என்றார். தேங்காயையே தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம், இதைக் கேட்டுப் பார்க்காமல் எப்படி எடுப்பது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். காதுக்குள் செருகும் சீன இயர்போன், விலை முந்தியதைவிடக் குறைவு. எழுபது. தெளிவாக எழுபது. அதைத்தான் இப்போதும் பாவிக்கிறேன்.

ஆகவே கடைக்காரர் போடும் பாட்டில் எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஆசிரியரின் குரலை போனில் பதிந்து கொண்டு போங்கள்.

பெட்டியில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று அநேகமாக எல்லாரும் அச்சடிக்கிறார்கள். மனிதக் காதின் எல்லையே அதுதான், தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 50 மில்லிமீற்றர் டிரைவர் (உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர்) என்பதும் அப்படியே. மின் எதிர்ப்பைக் காட்டும் எண் 16 அல்லது 32 ஓம் என்று இருந்தால் சாதாரண போனுக்குப் போதும். இன்னொரு வித்தை 'ஈஎன்சி'. இரைச்சல் நீக்கம் என்று கடையில் சொல்வார்கள். அது உங்கள் மைக்கில் விழும் இரைச்சலைக் குறைத்து எதிர்முனையில் இருப்பவருக்கு உதவுவது. உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது 'ஏஎன்சி', அது வேறு. ஓர் எழுத்தில் ஆளை ஏமாற்றிவிடுவார்கள்.

காதை முழுக்க மூடும் பெரிய வகையை நான் தவிர்ப்பேன். நம் வெயிலுக்கு அந்தப் போலித் தோல் வியர்வையில் ஊறிச் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். காதுக்குள் செருகும் வகை என்றால் கூட வரும் ரப்பர் முனைகளைக் குப்பையில் போடாதீர்கள். முனை சரியாக அடைக்காவிட்டால் பேஸ் எல்லாம் வெளியே கசிந்து குரல் தகரமாகக் கேட்கும். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்றும் இல்லை.

என்னைப் போல் ஒரு காது பழுதானவர்கள் இதை வாசித்தால், போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் 'மோனோ ஒலி' என்று ஒன்று இருக்கும். சில பதிவுகளில் கேட்பவர் இடப்பக்கமும் சொல்பவர் வலப்பக்கமுமாக இருப்பார்கள். மோனோ போட்டால் இருவரும் நல்ல காதுக்கே வந்துவிடுவார்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இனி, "வயர் அறுந்துபோகுமே" என்கிறவர்களுக்கு. அறும், மறுக்கவில்லை. அதனால்தான் வயரைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பாருங்கள் என்கிறேன். கேஇசட் போன்ற நிறுவனங்களின் மலிவான மாதிரிகளிலேயே அது இருக்கிறது. இல்லாவிட்டாலும் பரந்தனில் போன் திருத்துகிற பையன் சிவப்பு, பச்சை இழைகளின் நுனியை லைட்டரில் காட்டி, மேலிருக்கும் அரக்குப் பூச்சை எரித்துவிட்டு ஈயம் பிடித்துத் தருகிறான். அந்தப் புளூடூத் பொட்டுகளின் பற்றரி செத்தால் யாரிடம் கொண்டுபோவது? "இன்னும் கொஞ்சம் சேர்த்து முந்நூறு டொலருக்கு நல்லதாக வாங்கலாமே" என்று கனடாவிலிருந்து எழுதப்போகிற அண்ணன்மாருக்கு: வாங்கி அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

சத்த அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தனுக்கு வரும் தனியார் பஸ்ஸில் ஏறிப்பாருங்கள், ஒவ்வோர் இருக்கைக்கும் மேலே ஒரு ஸ்பீக்கர். குழந்தை அழுதாலும் குறைக்கமாட்டார்கள். குறைக்கச் சொன்னால் நடத்துநர் நம்மைப் பைத்தியம் போலப் பார்க்கிறார். விசுவமடு வருவதற்குள் தலை வெடிக்கும். அந்த இரைச்சலை வெல்லப் பிள்ளைகள் ஹெட்போனில் இன்னும் கூட்டி வைக்கிறார்கள். வெடிச்சத்தத்தில் காதைக் கொடுத்த ஊரில் பாட்டுச் சத்தத்திலும் கொடுக்கவேண்டுமா என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அடுத்த பாட்டு இன்னும் சத்தமாகப் போனது.

என் மாதிரியின் பெயரைக் கேட்காதீர்கள், விளம்பரம் என்பார்கள். பில்லில் வாரண்டிக் காலத்தை எழுதி முத்திரை குத்தச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் ஆறு மாதம் கடை வாசலோடு முடிந்துவிடும்.