இரண்டு குடும்பம், ஒரு நாள் நகர உலா: மதியத்துக்குமேல் பிரிந்து போங்கள்

மூன்று வயது மகள், பதின்மூன்று வயது மகன், முழங்கால் வலியுள்ள அம்மா, கூடவே நண்பர் குடும்பம். சென்ற முறை ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தே பொழுது போய்விட்டது, இந்த முறை அருங்காட்சியகமும் சேர்த்து ஒரு நாள் உலாவை எப்படித் திட்டமிடுவது என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். இந்த முறை எல்லோரையும் நாள் முழுக்க ஒன்றாக வைத்திருக்க முயலாதீர்கள்.

காலையில் ஒரே ஓர் இடத்துக்குச் சேர்ந்து போங்கள். நீங்கள் சொன்ன அருங்காட்சியகம் என்றால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே போய்விடுவது நல்லது. குனிந்தும் எட்டியும் பார்ப்பதால் வரும் களைப்பைப் பற்றி அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் 1916-லேயே புகைப்படங்களோடு கட்டுரை எழுதினார். எல்லா அறைகளையும் பார்த்தே தீர வேண்டும் என்றில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுக்கட்டும், அதன் முன்னால் நிதானமாக நில்லுங்கள்.

சாப்பாட்டை, சின்னவள் பசியில் அழத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் பிரியலாம். நடக்க ஆசைப்படுகிறவர்கள் பழைய தெருக்களுக்குப் போகட்டும், அம்மாவும் சின்னவளும் நிழலும் கழிப்பறையும் உள்ள பூங்காவில் இருக்கட்டும். அவர்களோடு யார் இருப்பது என்பதை மட்டும் வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அங்கே போய்க் கேட்டால் பெரும்பாலும் நீங்கள்தான் உட்கார வேண்டியிருக்கும், அது நியாயமில்லை. நீங்களே இருப்பதானாலும், பாதி நேரத்தில் நண்பர் வந்து உங்கள் இடத்தில் இருந்துகொண்டு உங்களை நடக்க அனுப்பி வைக்கட்டும், தயங்காமல் கேளுங்கள்.

சின்னவளின் சட்டைப்பையில் உங்கள் செல்பேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். திரும்புவதற்குக் கடைசி ரயிலை நம்பாதீர்கள், அதற்கு முந்தையதில் ஏறிவிடுங்கள்.