மாட்டிறைச்சி மரபியல் படிக்கிறேன் என்கிறாள் மகள்: அனுப்பலாமா?

கால்நடை மருத்துவம் முடிக்கப்போகும் மகள், ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ இறைச்சித் தர மரபியலில் ஆய்வு செய்யக் கேட்கிறாள். உங்களுக்கு இரண்டு கவலை: காலமெல்லாம் அறுவைக்கூடத்தில் நிற்பாளோ, ஊர் திரும்பினால் வேலை இருக்குமோ. முதல் கவலையை விடுங்கள். இந்தப் படிப்பில் பெரும்பகுதி கணினி முன்தான் கழியும். அவள் யோசிக்க வேண்டியது கத்தியைப் பற்றியல்ல, புள்ளியியலைப் பற்றி.

இறைச்சி மென்மையா என்பதை மாட்டை அறுத்த பிறகே அளக்க முடியும். அறுத்த மாடு கன்று தராது. அதனால்தான் உயிரோடிருக்கும் காளையின் மரபுத் தரத்தை அதன் கன்றுகள், உடன்பிறப்புகள் வழியாக மதிப்பிடுகிறார்கள். ஒரே காளைக்கு வெவ்வேறு பசுக்களிடம் பிறந்த கன்றுகளுக்குள் உள்ள ஒற்றுமையை அளந்து நான்கால் பெருக்கினால் ஹெரிட்டபிலிட்டி கிடைக்கும். மாட்டுக்கு மாடு தெரியும் வேறுபாட்டில் மரபின் பங்கு அது.

அளவீடும் லேசானதல்ல. 2.54 செ.மீ. தடிமன் துண்டை உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை சமைத்து, ஆறவைத்து, தசைநார் ஓடும் திசையிலேயே 1.27 செ.மீ. விட்டத்தில் ஆறு உருளைகளாவது எடுக்க வேண்டும். அவற்றை நாருக்குக் குறுக்கே வெட்ட எவ்வளவு விசை ஆகிறது என்பதை வார்னர்-பிராட்ஸ்லர் கருவி சொல்லும். உருளை சாய்ந்தால் எண் கெட்டது. அறுக்குமுன் மாடு மிரண்டாலும், உடல் அவசரமாகக் குளிர்ந்தாலும் இறைச்சியின் தரம் மாறும். இது மரபின் குற்றமல்ல. ஒரு காளையின் கன்றுகளை மட்டும் ஒரே நாளில் மொத்தமாக அறுத்திருந்தால், அன்றைய குளிர்பதனக் கோளாறு எது, காளையின் குணம் எது என்று பிரிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை. இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் 20 காளைகள், காளைக்கு 15 கன்றுகள், ஹெரிட்டபிலிட்டி 0.4 என்று கற்பனைத் தரவு உருவாக்கி, அதே எண்ணைத் திரும்பக் கணிக்கச் சொல்லுங்கள். பிறகு பத்தில் ஒரு கன்றுக்குத் தகப்பன் பெயரை மாற்றிப் போடட்டும். நூறு தடவை ஓட்டிச் சராசரி எடுத்தால் விடை 0.32 பக்கம் இறங்கும். வம்சாவளிப் பதிவில் பிழை இருந்தால் மரபின் பங்கு குறைந்தே தெரியும், டி.என்.ஏ. வைத்துத் தகப்பனை உறுதிசெய்வது இதற்காகத்தான். இதைச் செய்யும்போதே சலிப்புத் தட்டினால் முனைவர் பட்டம் வேண்டாம், சிகிச்சைத் துறைக்கே போகட்டும்.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் அவள் கேட்க வேண்டியவை: இறைச்சி அளவீடுகள் ஏற்கெனவே கையில் உள்ளனவா, இனிமேல்தான் சேகரிக்க வேண்டுமா? எத்தனை காளைகளின் கன்றுகள்? தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரை வெளியிட யார் அனுமதிக்க வேண்டும்? ‘இனிமேல்தான்’ என்றால் கன்று பிறந்து, வளர்ந்து, அறுப்புக்கு வரவே இரண்டு வருடம் ஓடிவிடும். உதவித்தொகை அதுவரை காத்திருக்காது.

இந்தியாவில் பல மாநிலங்களில் பசுவதைத் தடை இருப்பதால் மாட்டிறைச்சி மரபியல் என்ற பெயரில் வேலை தேடினால் ஏமாற்றமே. ஆனால் பால் மாடு, எருமை, ஆடு எதற்கும் இதே கணக்குதான். காளையிடம் பால் கறக்க முடியாது, மகள்களின் கறவையை வைத்தே தேர்கிறார்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம், ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியம் போன்ற இடங்களில் இந்தத் திறன் செல்லும். உள்ளூரிலேயே தொடங்க விரும்பினால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் விலங்கு மரபியலில் முதுகலை இரண்டு ஆண்டு.

எங்கே போனாலும், மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.