பத்துப் பவுன் பழைய நகை: மாற்றும்போது எங்கே கரைகிறது?

கேள்வி: அம்மா வழியில் வந்த கல் அட்டிகை ஒன்று, வளையல் இரண்டு, சங்கிலி ஒன்று என்று 10 பவுன் நகை இருக்கிறது. எதிலும் ஹால்மார்க் முத்திரை இல்லை. மகள் கல்யாணத்துக்கு இவற்றைக் கொடுத்துப் புது நகை எடுக்கலாம் என்று இருக்கிறோம். ஒரு கடையில் ‘பழைய நகைக்குக் கழிவே கிடையாது’ என்கிறார்கள். நம்பி மாற்றலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: மாற்றலாம். ஆனால் ‘கழிவு இல்லை’ (பழைய தங்கத்தின் எடையில் கடை பிடித்தம் செய்யாது) என்பதை மட்டும் வைத்துக் கடையை முடிவு செய்யாதீர்கள். கல் எடை, தங்கத்தின் தரம், புது நகையின் சேதாரம், ஜிஎஸ்டி என்று எடை குறைய வேறு வழிகள் இருக்கின்றன. பெரிய தொகை போவது அவற்றில்தான்.

உங்கள் நகையையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 பவுன் என்றால் 80 கிராம். அட்டிகையின் கல்லும் உள்ளே இருக்கும் அரக்குமாக 4 கிராம் கழிந்தால் மிச்சம் 76. பரிசோதனையில் தரம் 88 சதவீதம் என்று வந்தால், 916 தங்கத்துக்கு (91.6 சதவீதம் தூய்மையான 22 கேரட்) ஈடாக அது 73 கிராம் (76-ஐ 88-ஆல் பெருக்கி 91.6-ஆல் வகுக்க வேண்டும்). புது நகைக்குச் சேதாரம் 14 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம். கையிலிருந்து பணம் போடாமல் எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 62.2 கிராம் (73-ஐ 1.14-ஆலும் 1.03-ஆலும் வகுக்க வேண்டும்), அதாவது ஏழே முக்கால் பவுன். இத்தனைக்கும் கடைக்காரர் கழிவு என்று ஒரு குந்துமணி கூடப் பிடிக்கவில்லை.

இன்னொரு கடை 2 சதவீதம் கழிவு பிடிக்கிறது, ஆனால் சேதாரம் 9 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 63.7 கிராம் வரும். கழிவு பிடித்த கடையில்தான் ஒன்றரை கிராம் கூடுதல்! ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இந்த நகையைக் கொடுத்துவிட்டு, கையிலிருந்து காசு போடாமல், இந்த டிசைனில் எத்தனை கிராம் எடுக்கலாம்?” பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். செய்கூலி இல்லை என்று சேதாரத்தைக் கூட்டுவது, பழைய தங்கத்துக்குப் போர்டு விலையைவிடக் கிராமுக்குக் குறைத்துப் போடுவது எல்லாம் இந்த ஓர் எண்ணுக்குள் வந்துவிடும். ஜிஎஸ்டி புது நகையின் முழு மதிப்புக்கும் விழும், வித்தியாசத் தொகைக்கு மட்டும் அல்ல. இதையும் சேர்த்தே கணக்குக் கேளுங்கள்.

கடைக்குப் போகும் முன் தரத்தை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களும் நகையைப் பரிசோதிக்கலாம். நான்கு உருப்படி வரை கட்டணம் 200 ரூபாய், ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் உருப்படிக்கு 45 ரூபாய், வரி தனி. உங்களுடையது சரியாக நான்கு. அந்த அறிக்கை கையில் இருந்தால், கடை இயந்திரம் குறைத்துக் காட்டும்போது நிதானமாகப் பேச முடியும்.

கடைகளில் வைத்திருக்கும் கேரட் மீட்டர் எக்ஸ்ரே கதிரால் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கிறது. பழைய நகைகளில் பற்றவைத்த இடங்களில் தரம் குறைந்த பற்றாசு இருக்கும். கொக்கி, வளைய இணைப்பு, அரும்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வைத்துப் பார்த்தால் எண் குறைவாக வரும். மேலே தங்க முலாம் பூசியிருந்தால் கூடுதலாக வரும். நகையைச் சுத்தம் செய்யச் சொல்லி, பற்று இல்லாத இரண்டு மூன்று இடங்களிலும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

உருக்குவது பெரிய கட்டம், ஏனென்றால் அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. நகையாக இருக்கும்வரை “வேண்டாம்” என்று எடுத்துக்கொண்டு வரலாம். கட்டியான பிறகு அங்கேயே முடிக்க வேண்டிய நெருக்கடி வந்துவிடும். அதனால் உருக்கும் முன் மொத்த எடை, கல் நீக்கிய எடை, கிராம் விலை, சேதார சதவீதம் நான்கும் எழுத்தில் இருக்கட்டும். உருக்குவது உங்கள் கண்முன் நடக்கட்டும். அழுக்கு, அரக்கு, பொடி போவதால் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. கெம்பு, வைரம் இருந்தால் நம்பகமான பத்தரிடம் முன்பே கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பல கடைகள் கல்லுக்கு விலையே போடுவதில்லை.

புது நகையில் பிஐஎஸ் முத்திரை, 22K916, எச்யூஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு) மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை எச்யூஐடி இல்லாமல் விற்கக் கூடாது. அந்தக் குறியீட்டை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் நகையின் வகையும் தரமும் தெரியும். பில்லில் தங்கத்தின் நிகர எடையும் கல் எடையும் தனித்தனியாக இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள். தங்க விலையில் கல்லை வாங்கிவிடக் கூடாது.

வருமான வரிச் சட்டத்தில் நகை மாற்றுவதும் விற்பனைக்குச் சமம். அம்மாவிடமிருந்து வந்ததால் அவர் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி. பழைய பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், மாற்றிய பில்லையும் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

என் யோசனை: வளையலையும் சங்கிலியையும் மாற்றுங்கள், அட்டிகையை விட்டுவிடுங்கள். கல்லும் அரக்கும் கழிந்து அதிகம் அடிபடுவது அதுதான். அதே மாதிரி கல் வேலைப்பாட்டைப் புதிதாக எடுக்கப் போனால், சாதாரணச் சங்கிலிக்கு ஆவதைவிடச் சேதாரமும் கூடுதலாக இருக்கும். பத்தரிடம் கொடுத்துக் கல்லை இறுக்கி, கொக்கியை மாற்றினால் மகள் அப்படியே போட்டுக்கொள்ளலாம்.