சிங்கப்பூர் அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்குக் குடும்பத்தோடு போய் வருவதில் பார்க்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, நிறையவே. போன தீபாவளிக்கு என் அக்கா குடும்பம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து காரிலேயே வந்தது. 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, துவாஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, வீடு வந்து சேர இரவாகிவிட்டது. பண்டிகையை ஒட்டி இஸ்தானாவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாளில் எல்லாருமாகப் போனோம். காரை எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே விட்டுவிட்டோம். நீங்களும் எம்ஆர்டி ரயிலில் தோபி காட் நிலையத்தில் போய் இறங்குங்கள், வாசல் பக்கம்தான். பைகளைச் சோதிப்பார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் திடலுக்குள் போகக் கட்டணம் இல்லை, வெளிநாட்டவருக்கு உண்டு.

வாசலிலிருந்து மாளிகை வரை நல்ல நடை. சுமார் 40 ஹெக்டேர் இடம், ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டம். பிள்ளைகள் அன்னக் குளத்தை விட்டு நகரவே இல்லை. தனிக் கட்டணம் கட்டி மாளிகைக்குள் சில அறைகளையும் பார்த்தோம். அதிபர் இங்கே குடியிருப்பார் என்று என் மகள் நினைத்திருந்தாள். இது அவருடைய அலுவலகமும் விருந்தினரை வரவேற்கும் இடமும்தான் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

என் அத்தான் ஈப்போவில் வீடு கட்டித் தரும் வேலை செய்பவர். மற்றவர்கள் சரவிளக்கைப் பார்த்தால் அவர் சுவரைப் பார்ப்பார். அகலமான வராந்தா, உயர்ந்த கூரை, காற்று வந்து போகும் ஜன்னல்கள் எல்லாம் எதற்கு என்று பிள்ளைகளை நிறுத்தி வைத்து விளக்கினார். "மின்விசிறி இல்லாத காலத்து வீடு, அதான் காத்துக்கு வழி விட்டுக் கட்டியிருக்காங்க" என்றார். "யார் மாமா கட்டினது?" என்று மகள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரிட்டிஷ் கவர்னர் ஹாரி ஆர்டுக்காக 1867இல் தொடங்கி 1869இல் முடித்த மாளிகை இது. வரைபடம் போட்டவர் அன்றைய அரசாங்கப் பொறியாளர் மெக்நேர். கல்லும் செங்கல்லும் சுமந்து கட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825இலிருந்து 1873 வரை அவர்கள் உழைப்பில்தான் இந்த ஊரின் பல சாலைகளும் பெரிய கட்டடங்களும் எழுந்தன. 1959இல் இதற்கு இஸ்தானா என்று பெயர் வந்தது. தேவன் நாயர், எஸ்.ஆர். நாதன், இப்போது தர்மன் சண்முகரத்னம் என்று இந்திய வம்சாவளியினரும் அதிபர்களாக இங்கே வந்து அமர்ந்தார்கள்.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "அவங்க பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா தம்பி?" என்று கேட்டார். நாங்கள் போன அறைகளில் என் கண்ணில் அப்படி எதுவும் படவில்லை.

1990களில் மாளிகையைப் பெரிய அளவில் புதுப்பித்திருக்கிறார்கள். அதனால் கைதிகளின் கைவேலையில் இன்று எது மிச்சம் என்று பார்த்துச் சொல்வது கடினம். அதற்காகவே மறுநாள் அத்தானை செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். அதுவும் கைதிகள் கட்டியதுதான், 1861இல் திறந்தது. அதற்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் தன் தாத்தாவும் சுண்ணாம்பில் முட்டை சேர்ப்பாராம். அரை மணி நேரம் அந்தப் பேச்சுதான்.

சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், மே தினம், தேசிய தினம், தீபாவளி ஆகியவற்றை ஒட்டித்தான் வழக்கமாகத் திறப்பார்கள், தேதியை முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், குடையும் தண்ணீரும் வேண்டும். உங்கள் வீட்டில் கட்டட வேலை தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.